அருளப்புவின் ரேடியோவில் நசீறா

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரேடியோவிலிருந்து வந்தது. அழகுக்காக அப்படிச் சொல்லவில்லை. மன்னாரில் கீரிக் கடற்கரைக்குப் போகும் வீதியில் அருளப்புவின் தேநீர்க்கடையில், பிஸ்கட் போத்தல்களுக்குப் பின்னால் இருந்த ரேடியோவிலிருந்து, ஒரு பெண்ணின் குரலில் நேராக வந்தது. நாங்கள் சிலர் பிளேன்டீ குடித்தபடி கேட்டோம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சிக்கல். முதலில் இப்படி எழுதினேன்:

மன்னார்த் தீவின் புதிய கார்ப்பெட் வீதியில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு

இந்த வாக்கியத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். மன்னாரில் கழுதைகள் உண்டு. அவை வீதியின் நடுவில் நின்று யோசிக்கும். அங்கே எந்தக் காராலும் காற்றைக் கிழிக்க முடியாது. இந்தக் கதையின் நாயகர் ஹலீமின் கார் ஒரு கழுதைக்குப் பின்னால் நின்று அதன் முடிவுக்காகக் காத்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

(தொண்ணூறாம் ஆண்டு தீவைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஹலீமின் குடும்பமும் பின்னாளில் அவர் மனைவியான நசீறாவின் குடும்பமும் இருந்தன. அப்போது இருவரும் சிறுபிள்ளைகள்.)

இது உண்மை. ஆனால் இதில் தொடங்கினால் கதை முதல் வரியிலேயே அழ உட்கார்ந்துவிடும். இது சிரித்துக்கொண்டு வந்த கதை. ஆகவே அந்த வரியை அடைப்புக்குள் வைத்திருக்கிறேன். அது அங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

2

ஹலீம் கருவாட்டு வியாபாரி. சண்டை ஓய்ந்து, தலைமன்னார்ப் பாதைக்குத் தண்டவாளம் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், புத்தளத்திலிருந்து அவர் மட்டும் திரும்பி வந்தார். அருளப்புவின் கடைக்கு நேர் எதிரே இருந்த வாப்பாவின் காணியில் வீடு கட்டத் தொடங்கினார். மனைவி நசீறாவும் நான்கு பிள்ளைகளும் புத்தளத்திலேயே இருந்தார்கள். நசீறாவுக்கு அங்கே நன்றாக நடக்கும் தையல் வகுப்பு ஒன்று இருந்தது. வீடு முடிந்தால் வருவதாகச் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் வருவதாகச் சொல்லவில்லை.

இப்போது கார். இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. நான்கு பிள்ளைகளின் தகப்பன், பாதி வீட்டோடு நிற்பவர், இரண்டே இருக்கைகள் உள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை ஏன் வாங்குகிறார்? நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து, அதை ஒரு சின்ன லொறியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். லொறி நல்ல லொறிதான். ஆனால் கதை அதில் ஏற மறுத்தது.

கடையில் இடியப்பம் கொடுக்கும் திரேசம்மா இதே கேள்வியை ஹலீமிடம் கேட்டார்.

"லைட்டைப் பாருங்கோ அக்கா," என்றார் ஹலீம்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். பொனட்டுக்குள் படுத்திருந்த இரண்டு விளக்குகளும் கண் விழிப்பதுபோல் எழும்பி நின்றன. இன்னொரு தடவை அழுத்தினார். படுத்தன. அதற்குமேல் அவரிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.*

* இந்த விளக்குகளைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மோட்டர். அரைச் சுற்றுச் சுற்றினால் விளக்கு மேலே, அடுத்த அரைச் சுற்றில் கீழே. எழும்புவதற்கும் படுப்பதற்கும் மோட்டர் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. பொத்தானில் முழங்கை பட்டாலும் போதும், எழும்பிவிடும். முழங்கையை நினைவில் வைத்திருங்கள்.

3

ஹலீம் பின்னேரங்களில் தலைமன்னாரிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு வருவார். நசீறாவின் வகுப்பு முடியும் நேரமும் அதுதான். அழைப்பு வரும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன், முன்னால் கழுதை. இது சரிவராது என்று, நசீறாவின் குரல் கார் ஸ்பீக்கரிலேயே வரும்படி செய்ய விரும்பினார். மன்னார் பஸாரில் ரேடியோவும் போனும் திருத்தும் நறுவிலிக்குளத்துப் பார்த்தீபனிடம் போனார்.

பார்த்தீபன் புது ரேடியோ செட் ஒன்று பூட்டச் சொன்னான். ஹலீம் சம்மதிக்கவில்லை. "அது காரோட பிறந்த செட், தம்பி. அதைக் கழட்டினா காருக்கு வாயே இல்லாமப் போயிடும்."

அந்தப் பழைய செட்டில் ஒரு விசித்திரம் உண்டு. ஜப்பானில் எஃப்.எம். எழுபத்தாறில் தொடங்கித் தொண்ணூறில் முடிந்துவிடும். எங்கள் நிலையங்கள் எண்பத்தேழரையிலிருந்து நூற்றெட்டு வரை பரந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது ஒரு சந்து, ஒரு ஒழுங்கை அகலத் துண்டுதான். அந்தத் துண்டில் செட்டுக்கு இரைச்சலைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

பார்த்தீபனுக்கு அந்த ஒழுங்கையே போதுமாக இருந்தது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கட்டைவிரல் அளவான கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். போன் அதற்கு புளூடூத்தில் பேசும். அது ஒரு குட்டி வானொலி நிலையமாகி, கேட்டதை எஃப்.எம்.மில் ஒலிபரப்பும். கார் செட் அதை உண்மையான நிலையம் என்று நம்பிப் பாடும். அதன் சக்தி இரண்டு முழத் தூரம். யாரும் இல்லாத அலைவரிசையாகப் பார்த்து விட்டால் போதும். பார்த்தீபன் நண்பகலில் தேடிப் பார்த்தான். எண்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வெறும் வெளி. அங்கே நிறுத்தினான்.

கேட்டது, ஆனால் இரைந்தது. காரின் ஏரியல் கம்பி பின்பக்கம் இருந்தது, கருவி முன்பக்கம். எனவே கருவியிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை இழுத்து ஏரியலோடு சேர்த்தான். இரைச்சல் மாயமானது. ஹலீம் மகிழ்ந்து போய் அவனுக்கு ஒரு பார்சல் அறக்குளாக் கருவாடு கொடுத்தார்.

ஏரியல் ஒரு கதவு. உள்ளே வருகிற வழியால் வெளியேயும் போகலாம். அந்த மத்தியானம் இது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

4

அருளப்புவின் ரேடியோவில் முள்ளை நகர்த்தும் நூல் அறுந்து கனகாலம். முள் எண்பத்தெட்டில் நின்றுவிட்டது. அவர் திருத்தவில்லை, ஏனென்றால் பின்னேரங்களில் அந்த இடத்தில் கடலுக்கு அப்பால் இந்திய நிலையத்திலிருந்து அக்கரைப் பாட்டு வரும்.*

* கடலுக்கு மேலே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூடான காற்று என்று அடுக்கு விழும்போது, மேல் அடுக்கு ஒரு மூடிபோல் வேலை செய்யும். வானத்துக்குத் தப்பிப் போக வேண்டிய அலை அதில் பட்டு வளைந்து, கடலோடு ஒட்டிக்கொண்டு இக்கரைக்கு வரும். பார்த்தீபன் நண்பகலில் தேடியதால் அதைக் காணவில்லை.

முதல் நாள் பின்னேரம். பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஹலீமின் கார் வந்து அவருடைய காணி வாசலில் நின்றது. பாட்டுச் சட்டென்று இல்லாமல் போனது. (எஃப்.எம்.மில் இரண்டு குரல்கள் கலக்காது. பெரியது சின்னதை முழுதாக விழுங்கிவிடும்.) அந்த அமைதியில் ஒரு பெண் பேசினார்:

"நாலு பிள்ளையள வச்சிக்கொண்டு ரெண்டு சீட் காரா வாங்குறது? எங்களையெல்லாம் கருவாட்டுச் சாக்கோட சேத்து மேல கட்டப் போறீங்களா?"

அருளப்பு ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் நடுவானில் நின்றது.

அடுத்து மௌனம். ஹலீமின் பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் குரல் மைக்கிலிருந்து போனுக்கு நேராகப் போய்விடும். ஸ்பீக்கருக்கு வருவது நசீறாவின் குரல் மட்டும். ஆக எங்களுக்குக் கிடைத்தது பாதிப் பேச்சு. மறுபாதியை நாங்கள்தான் இட்டு நிரப்பவேண்டும்.

"இப்ப லைட்டைப் பத்திச் சொல்லுவார் பாருங்கோ," என்றார் அருளப்பு.

எதிரே காரின் விளக்குகள் எழும்பின.

"அது சரி, கூரை போட்டாச்சு எண்டீங்களே," என்றது ரேடியோ. "ஷீற்றா, ஓடா?" மௌனம். "ஓடா? என்ன நிறம்?" மௌனம். "சிவப்பா? காருக்குச் சோடியா?"

நாங்கள் எல்லோரும் வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். சுவர்கள் ஜன்னல் உயரத்தில் நின்றன. அவற்றுக்கு மேலே நல்ல நீல வானம் இருந்தது.

5

(இந்தப் பகுதியை ஒரு கட்டுரையாக எழுத விரும்பினேன். தலைப்பு: பிறர் பேச்சைக் கேட்பது சரியா. மூன்று பந்திகள் எழுதியபின், இதைப் படிக்கும் நீங்களும் இவ்வளவு நேரமாக அதைத்தான் செய்கிறீர்கள் என்பது தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.)

ஹலீமிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? உங்கள் பேச்சுக் கேட்கிறது என்றால், உங்கள் பொய்யும் கேட்டது என்று அர்த்தம். ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். அடுத்த பின்னேரம் நசீறாவின் குரலில் கிண்டல் குறைவாக இருந்தது.

"பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளையளோட வந்து பாத்துட்டுத்தான் முடிவு. உங்கட சொல்ல மட்டும் நம்பி இங்க உள்ள இருவது வருசத்த மூட்டை கட்டேலாது." கொஞ்சம் பொறுத்து: "குசினி ஜன்னல் கிணத்துப் பக்கம் இருக்கோணும். சொன்னீங்களா மேசனுக்கு?"

பள்ளிக்கூடம் விட அதிக நாள் இல்லை. வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போகிற ஒரு பெண்ணை நாங்கள் எல்லோரும் மனதுக்குள் பார்த்தோம்.

"ஒருத்தரும் வாய் திறக்கப்படாது," என்றார் திரேசம்மா. "கையை மட்டும் திறவுங்கோ."

மறுநாள் காலை, வள்ளம் கட்டும் அவருடைய தம்பிமார் இருவர், சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி, தோளில் மரத்தோடு ஹலீமின் காணிக்குள் நுழைந்தார்கள். அருளப்பு தன் வளவில் சும்மா கிடந்த ஓடுகளை அப்போதுதான் கண்டதாகச் சொன்னார். நானும் சும்மா போய்ச் சாந்து குழைத்தேன். ஹலீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் சந்தோசம் தாங்கவில்லை. அன்று பின்னேரம் ரேடியோ கேட்டது: "என்ன இது, திடீரெண்டு ஊர்ச் சனத்த இப்பிடிப் புகழுறீங்க?"

சுவர் உயர்ந்தது. கூரைக்கு வளைமரம் ஏறியது.

6

பிழை திரேசம்மாவின் வாயால் வந்தது. மேசன் குசினி ஜன்னலை வீதிப் பக்கம் வைக்கப் பார்த்தான்.

"அங்க இல்ல, கிணத்துப் பக்கம் வையுங்கோ. நசீறா அப்பிடித்தானே கேட்டவ."

ஹலீம் வாளியைக் கீழே வைத்தார். "நசீறா உங்களோட எப்ப கதைச்சவ, அக்கா?"

திரேசம்மா அருளப்புவைப் பார்த்தார். அருளப்பு கடையைப் பார்த்தார். கடைக்குள் ரேடியோ இருந்தது.

பார்த்தீபனை வரவழைத்தார்கள். அவன் வயரைத் தொட்டுத் தொட்டுப் போய், ஏரியலில் கை வைத்ததும் அப்படியே நின்றான். "ஹலீம் நானா, நான் உங்களுக்கு ஒரு ஸ்டேசனே கட்டித் தந்திட்டன்."

இங்கே ஹலீம் கத்துவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவர் கத்தவில்லை, ஆகவே கிழித்துவிட்டேன். கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப கூரை விசயம்?"

"முதல் நாளே தெரியும்," என்றார் திரேசம்மா.

"சிவப்பு ஓடு எண்டது?"

"அதுக்காகத்தானே பழைய ஓட்டுக்குச் சிவப்புப் பெயின்ற் அடிச்சனான்," என்றார் அருளப்பு.

ஹலீம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது கதைக்கு ஒரு சுகமான முடிவு கையில் இருந்தது. கடை முழுவதும் அதற்கே வாக்களித்தது: பேசாமல் கூரைக்கு ஓடுகளைப் போட்டு முடிப்பது. நசீறா வருகிற அன்று பொய் உண்மையாகிவிடும். யாருக்கும் நட்டமில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் ஹலீம் தலையை ஆட்டினார்.

"ஓடு போடுவம். ஆனா அவ கேட்ட அண்டைக்கு ஓடு இருக்கேல்லயே. வந்து பாக்க முந்தி நான் சொல்லோணும்."

"சொன்னா வராம விட்டிட்டா?" என்றான் பார்த்தீபன்.

ஹலீம் வயரை எந்த இடத்தில் இழுத்தால் கழலும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

7

பின்னேரம். அக்கரைப் பாட்டு. கார் வந்து, மூக்கை வீட்டுப் பக்கம் வைத்து நின்றது. பாட்டு விழுங்கப்பட்டது.

"ஹலோ," என்றார் நசீறா. "என்ன சத்தத்தையே காணல்ல? கூரை பறந்துட்டுதா?"

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஹலீம் கார் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து வயரை இழுத்தார்.

பாட்டுத் திரும்பி வந்தது, முழுச் சத்தத்தோடு.

இதுவரை அவர் இல்லாமல் நசீறாவை மட்டும் கேட்டோம். இப்போது நசீறா இல்லாமல் அவரை மட்டும் பார்த்தோம். அவருடைய உதடுகள் நெடுநேரம் அசைந்தன. ஒரு கை ஓடில்லாத கூரை மரங்களைக் காட்டியது, புத்தளத்துக்குத் தெரியும் என்பதுபோல. பிறகு உதடுகள் நின்றன. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். பின் தலையை ஸ்டியரிங்கில் சாய்த்தார்.

நசீறா என்ன சொன்னார் என்று எழுத நான் முயன்றேன்:

"பொய் சொன்ன வாயாலயே அத

இல்லை.

"நான் வந்து என்னத்த

இதுவும் இல்லை. வயர் கழன்றபின் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காத ஒரு வரியை அவர் வாயில் வைக்க என்னால் முடியவில்லை. இவ்வளவு நாளும் கடையில் இருந்து ஹலீமின் பாதியை நாங்கள் எழுதினோம். நசீறாவின் இந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். அவர் குரல் உங்களுக்குப் பழக்கம். நேராக ஓம் என்றோ இல்லை என்றோ சொல்கிறவர் அல்ல என்பதும் தெரியும். எழுத உதவியாக நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காரின் விளக்குகள் எழும்பின. வெளிச்சம் கூரை மரங்களில் விழுந்தது. வீதியில் நின்ற கழுதை திரும்பிப் பார்த்தது.

"முழங்கை பட்டிருக்கும்," என்றான் பார்த்தீபன் மெதுவாக.

விளக்குகள் படுத்தன. மறுபடி எழும்பின. படுத்தன. மறுபடி எழும்பின.

"முழங்கை மூண்டு தரம் படாது," என்ற அருளப்பு ரேடியோவை நிறுத்திவிட்டு, ஓடு ஏற்ற ஏணியைத் தேடிப் போனார்.