திரையையும் கழற்றி வைக்கவும்

இஸ்திரிப் பெட்டி அவள் தலைக்குத்தான் குறி வைக்கப்பட்டது. அவள் குனிந்துகொண்டதால் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டது. நல்ல கண்ணாடியைக் கெடுத்ததற்கும் சேர்த்து அன்றைக்கு அவள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எறிந்தவர் அவள் புருஷன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், தெருவில் தங்கமான மனிதர். பதினோரு வருடமாக அவர் அடிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அடுத்து சந்துப்பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். டிவி சத்தத்தைக் கூட்டுவார். பிறகு துணி மறைக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து அடிப்பார். படித்தவர் அல்லவா, முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டார். மறுநாள் யாராவது என்ன சத்தம் என்று கேட்டால், பீரோவை நகர்த்தினோம் என்பார். அந்த பீரோ அத்தனை தடவை நகர்ந்திருந்தால் இந்நேரம் அடுத்த தெருவுக்கே போயிருக்கும். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்க வேண்டாம். அண்ணனிடம் இரண்டு முறை போய் அழுதாள். மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லையே, யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டு, சாப்பாடு போட்டு, பேருந்து ஏற்றிவிட்டான் அந்தப் புண்ணியவான். காவல் நிலையத்திலும் அதே கேள்விதான். கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர் கிடைத்தால் போதும், இந்த வீட்டைவிட்டு உயிரோடு வெளியேறிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இஸ்திரிப் பெட்டி ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கே போகாது.

ஜன்னலைச் சட்டத்தோடு மாற்றிவிடுவது என்று முடிவானது. ஜன்னல்காரர் வந்து அளவெடுத்தார். தெருப்பிள்ளைகளின் பந்து பட்டது என்று தலைமையாசிரியர் சொன்னதை நம்பினார். கிளம்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார். நாங்கள் வருவதற்கு முதல் நாளே இதையெல்லாம் செய்து வையுங்கள் என்று அச்சடித்திருந்தது. ஜன்னலிலிருந்து நான்கடிக்குள் எந்தச் சாமானும் இருக்கக் கூடாது. டிவியின் ஒயரைக் கழற்றி, போர்வை போட்டு மூடவும். சுவரில் தொங்கும் படங்களை இறக்கவும், சுத்தியல் அதிர்வில் விழும். விரிசல் உள்ள கண்ணாடியில் டேப் ஒட்டவும். கடைசியாக, திரையையும் திரைக்கம்பியையும் கழற்றி வைக்கவும்.

அந்த முதல் நாள் காலையில், ஒன்று விடாமல் செய் என்று உத்தரவு போட்டுவிட்டுத் தலைமையாசிரியர் பள்ளிக்கூடம் போனார். கேள்வித்தாளைக் கடைசி வரி வரைக்கும் படி என்று பிள்ளைகளின் காதைத் திருகுகிறவர், இந்தத் தாளைப் பாதிக்குமேல் படிக்கவில்லை.

அவள் ஒன்று விடாமல்தான் செய்தாள். விலா எலும்பு வலிக்க வலிக்க சோபாவைப் பின்னால் தள்ளினாள். புத்தக அலமாரியைக் காலி செய்து நகர்த்தினாள். வீட்டில் இருந்த போர்வையெல்லாம் சாமான்களை மூடுவதற்கே சரியாகப் போனது. விருது வாங்கிக்கொண்டு தலைமையாசிரியர் சிரிக்கிற படத்தை இறக்கிச் செருப்பு ஸ்டாண்டு ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு ஸ்டூல்மேல் ஏறி, திருகாணிகளைக் கழற்றி, கம்பியோடு திரையை இறக்கினாள்.

எதிரே, பத்தடிச் சந்துக்கு அந்தப் பக்கம், தையல்கார அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். நிமிர்ந்தாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சிரித்தாள். அவள் நெற்றிப் பொட்டுகூடத் தெரிந்தது.

அப்படியானால் அங்கிருந்து இந்தக் கூடமும் தெரியும். மாலைக்குள் வேறு எதையாவது கட்டி மறைக்கலாமா என்று யோசித்தாள். அந்த மனிதரின் கை நினைவுக்கு வந்தது. இருந்தாலும் போய்த் திரையை வாளித் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துவிட்டாள்.

ஆறரைக்குத் தலைமையாசிரியர் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் கூடத்தில் டியூப்லைட்டைப் போட்டிருந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவர், செருப்புகளுக்குப் பக்கத்தில் தானே சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றினார். நேராக ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினார். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"திரை எங்கடி?"

"கழட்டிட்டேன். தாள்ல போட்டிருந்துச்சு."

"எதையாவது எடுத்து மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

பதினோரு வருடத்தில் அவள் சொன்ன முதல் மாட்டேன் அது. அவர் பாய்ந்து விளக்கை அணைத்தார். இருட்டில் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து அலமாரியில் மோதினார். புத்தகமில்லாத அலமாரி டமாரம் மாதிரி அதிர்ந்தது. விலாவில் உதை விழுந்தது. மூச்சு நின்று வந்தது. அவள் சுவரைத் தடவித் தடவிப் போய் ஸ்விட்சைப் போட்டாள். அவர் அணைத்தார். அவள் மறுபடி போட்டாள். பிறகு ஸ்விட்ச்மேலேயே கையை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

அப்புறம் ஒழுங்கெல்லாம் காற்றில் போனது. முகத்தில் குத்தினார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். கையைப் பிரித்தெடுக்க வந்த அவர் மணிக்கட்டை அவள் கடித்தாள், பல் எலும்பில் படுமளவுக்குக் கடித்தாள். அவர் அலறிக்கொண்டு கையிலகப்பட்ட ஸ்டூலைத் தூக்கி வீசினார். இந்த முறையும் அவள் குனிந்தாள். ஸ்டூல் ஜன்னலில் போய் விழுந்தது. பாதிக் கண்ணாடி சந்தில் கொட்டியது, மீதி டேப்பில் தொங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்விட்சிலிருந்த விரலை மட்டும் விடவில்லை. ஒருத்தியாவது பார்க்கட்டும், செத்தாலும் வெளிச்சத்தில் சாகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

கதவு இடிபட்டது. அவர் கையை எடுத்தார். அவள் சுவரோடு சரிந்தாள், ஸ்விட்சில் ஒரு கை மட்டும் மேலே நின்றது. அவர் சட்டையை இழுத்துவிட்டு, கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கதவை ஒரு சாண் திறந்து, பள்ளிக்கூடத்துச் சிரிப்பைச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு ஜன்னல் மாத்த வர்றாங்க. பீரோவை நகத்தினோம், அதான் சத்தம்."

தையல்கார அக்காவின் கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் அப்படியே இருந்தது, வைத்துவிட்டு வர மறந்துவிட்டாள். கதவிடுக்கில் காலை வைத்தாள்.

"சத்தம் கேட்டு வரல சார். பாத்துட்டு வரேன்."

அப்போதுதான் அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள்.