நான்கெல்லை இல்லாத சொத்து

திண்டிவனத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். நஞ்சை, புஞ்சை, மனை, கிணற்றில் நாலில் ஒரு பங்கு, புளியமரத்தில் பாதி என்று நான் எழுதாத சொத்து கிடையாது. அம்சவள்ளி எழுதினால் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அதிகமாகப் பேசுவது நான்தான் என்பார் என் வீட்டுக்காரர் சீனுவாசன். அவர் கிடக்கிறார்.

போன மார்கழியில் ஒரு மத்தியானம் சாந்தாமணி வந்தாள். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். இப்போது மல்லாட்டை உருண்டை, மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிற வேர்க்கடலை உருண்டை, பிடித்துக் கடைகளுக்குப் போடுகிறாள். அவளோடு ராஜ்குமார் என்று முப்பது முப்பத்தைந்து வயது ஆள் ஒருவன். சொந்த ஊர் காணை, விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான்.

"இன்னா சொத்து?" என்றேன்.

"ஒரு பேருடி. மல்லாட்டை டாட் இன்னு. அதை இவருகிட்டேர்ந்து நான் வாங்குறேன். நீ எழுதிக் குடுத்தாதான் எனக்குத் தைரியம்."

விஷயம் இதுதான். அந்த இணையதளப் பெயரை ராஜ்குமார் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே தன் பேரில் பதிந்து வைத்து, ஒன்றும் செய்யாமல் அடைகாத்துக்கொண்டிருந்தான். இவள் கேட்டாள், தருகிறேன் என்று போனில் சொன்னான். அந்த வாய்ப்பேச்சை நம்பி இந்தப் புத்திசாலி எட்டாயிரம் பாக்கெட் உறை அச்சடித்துவிட்டாள். ஒவ்வொரு உறையிலும் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். பொங்கலுக்கு அத்தனையும் சென்னைக்குப் போக வேண்டும். பெயர் கைக்கு வராவிட்டால் அவள் உருண்டையைத் தின்றவர்கள் வேறு எவன் கடைக்கோ போய் நிற்பார்கள்.

"சரி, எல்லை சொல்லு. கிழக்கால இன்னா இருக்குது?" என்று ராஜ்குமாரைக் கேட்டேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இதுக்கு ஏது கிழக்கு மேற்கு? காத்துல இருக்கறதுக்கா!"

எனக்குச் சுர்ரென்று வந்தது. எல்லை இல்லாத சொத்தை என் கை எழுதியதில்லை. கடைசியில் சொத்து விவரத்தில் 'நான்கெல்லை இல்லாதது' என்று எழுதி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டேன். மற்றதெல்லாம் வழக்கமான வாசகம்தான். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் அனுபவித்துக்கொள்வது, வில்லங்கம் வந்தால் விற்பவர் பொறுப்பு, எல்லாம் வந்தது. கிணறும் மின்மோட்டாரும்கூட வந்துவிட்டன.

"கிணறு எதுக்குடி?" என்றாள் சாந்தாமணி.

"கிடக்கட்டும். வந்தா லாபம்தானே."

பெயரை மாற்ற ஒரு கோட் நம்பர் வேண்டுமாம். பதிந்து வைத்திருக்கும் கம்பெனியிடமிருந்து ராஜ்குமார் அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். போனை நோண்டிக்கொண்டே இருந்தான். நடுநடுவே, காணையில் தன் பேரில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, கரும்பு ஆள் உயரம் நிற்கிறது, தனக்கு இந்தப் பணமெல்லாம் ஒரு பணமே இல்லை என்று பெருமை வேறு. மணி நாலே முக்கால் ஆகியும் நம்பர் வரவில்லை.

"நெட்டு ஸ்லோவா கீதுக்கா. வந்தவுடனே வாட்சப்ல போட்டுடறேன்."

சாந்தாமணி வெயிலைப் பார்த்தாள். பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. காலையிலிருந்து அலைந்ததில் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இப்போது பஸ் ஏறினால்தான் வீட்டில் ஒரு வாய் சாப்பிட முடியும். "ஜல்தியா முடிடி," என்றாள். போனிலேயே பணத்தை அனுப்பினாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பத்திரத்தில், நான் எழுதிய எல்லாப் பத்திரத்திலும் வருகிற அந்த வரியும் இருந்தது: 'மேற்படி சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்; பெற்றுக்கொண்டீர்கள்.' கை பழக்கம்.

நாலு நாள் ஆயிற்று, நம்பர் வரவில்லை. ராஜ்குமார் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் சாந்தாமணிக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. பேரை ஒப்படைத்தாகிவிட்டது, பெற்றுக்கொண்டதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இனி என்னைக் கேட்காதீர்கள் என்று. பாண்டிச்சேரி வியாபாரி ஒருவர் அதே பேருக்கு மூன்று பங்கு விலை பேசுகிறார் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என் மேசை முன்னால் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. "நான் எங்கடி படிச்சேன்? நீ எழுதினியேன்னு போட்டேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் சீனுவாசன், "நீ எழுதினா நிக்கும்னியே. நல்லாத்தான் நிக்குது, அவன் பக்கமா!" என்றார். அன்று அவருக்கு ரசம் மட்டும்தான்.

மறுநாள் இரண்டு பேரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவனை என்னென்ன திட்டுவது என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டே போனேன். கம்ப்யூட்டர் சென்டரில் ராஜ்குமார் பல்லெல்லாம் தெரிய எழுந்து நின்றான்.

"வாங்கக்கா, டீ சொல்லட்டா?"

"டீ கிடக்கட்டும். கோட் நம்பர் குடு."

"அதான் குடுத்தாச்சேக்கா. நீங்களே எழுதிக்கீறீங்க பாருங்க." தன்னிடமிருந்த பத்திர நகலை என் பக்கம் திருப்பி, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தான்.

அவன் விரலுக்கு மேலே என் கையெழுத்தை நானே படித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வரியை நிதானமாகப் படித்தேன். வரிசை போட்டிருந்த வசவெல்லாம் மறந்துபோயிற்று.

"சரி தம்பி. அன்னிக்கே ஒப்படைச்சுட்ட?"

"ஆமாங்க்கா."

"இப்போ உங்கிட்ட ஒண்ணும் இல்ல?"

"இல்லக்கா."

"அப்போ பாண்டிச்சேரிக்காரருக்கு இன்னாத்தை விக்கிற?"

அவன் சாந்தாமணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

"உன் பொருளா இருந்தா நீ ஒப்படைக்கல. ஒப்படைச்சிருந்தா அது இவ பொருளு. இவ பொருளை நீ வச்சிக்கினு விலை பேசிக்கினு கீற. அதுக்குப் பேரு இன்னான்னு ஸ்டேஷன்ல கேட்டுக்கலாமா? அப்படியே அடுத்த பக்கத்தையும் திருப்பு."

திருப்பினான். வில்லங்க வாசகம். தாவா ஏதும் ஏற்பட்டால் எனது இதர ஸ்தாவர ஜங்கம சொத்துக்களைக் கொண்டு ஈடு செய்வேன் என்று, அவன் கையெழுத்தோடு.

"ஸ்தாவரம்னா இன்னாக்கா?"

"காணையில ஆள் உசரத்துக்குக் கரும்பு நிக்குதுன்னியே, அது."

மூஞ்சி வெளுத்துப்போயிற்று. காற்றில் இருக்கிற பேரை வைத்து எத்தனை விளையாட்டும் காட்டலாம். மண் என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் உசிர் போகும். "நிலத்துக்கு ஏங்க்கா போறீங்க, பேஜாரு பண்ணாதீங்க," என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அன்று ஸ்லோவாக இருந்த நெட் இன்று பத்தே நிமிஷத்தில் நம்பரைக் கொண்டுவந்தது.

சாந்தாமணி அதைப் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். "அஞ்சு நாள்ல என் பேருக்கு மாறிடும்னு காட்டுதுடி," என்றாள். "எங்க புஞ்சைக்குப் பட்டா மாற எட்டு மாசம் ஆச்சு!" பிறகுதான் அழுதாள். நான் டீ சொல்லச் சொன்னேன், ராஜ்குமார் கணக்கில்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒலக்கூர்ப் பக்கமிருந்து ராஜாமணி என்பவர் வந்தார். கூடவே வந்திருந்த, செத்துப்போன தம்பியின் மனைவி கவிதாவுக்கு நாற்பது சென்ட் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் எப்போதோ கொடுத்தாகிவிட்டதாம். வழக்கம்போல் எழுதிக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்தது. கை தானாக நின்றது.

"நிலத்தைச் சுவாதீனம் குடுத்தாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. எழுதுங்கம்மா," என்றார் ராஜாமணி.

நான் கவிதாவைப் பார்த்தேன். அந்தப் பெண் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லீங்க்கா. மாமா மல்லாட்டை போட்டுக்கினு கீறாரு. பிடுங்கினதும் வுட்டுடறேன்னு சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தி, "மூணு வருஷமா சொல்றாரு," என்றது.

என் பின்னால் அலமாரி நிறையப் பத்திர நகல்கள். ஒவ்வொன்றிலும் அந்த வரி இருக்கிறது. எத்தனை பேர் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்களோ.

பேனாவை மூடினேன்.

"மொதல்ல மல்லாட்டையைப் பிடுங்குங்க," என்றேன் ராஜாமணியிடம். "அப்புறம் எழுதலாம்."