கட்டில் காலுக்கு நான்கு செங்கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மனைவியிடமிருந்து திருடியது. ஆறுகளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. கதைக்குள் அவளைப் 'பொறியாளர்' என்றே அழைக்கிறேன். பெயரைப் போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

முதல் தொடக்கம்: 'ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது, அப்போது' (அடித்துவிட்டேன். கதைகளில் எல்லா ஆறும் அப்படித்தான் ஓடுகிறது.)

இரண்டாவது: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பொறியாளர் ஓர் ஆற்றை நேராக்கினார். ஊர் நடுவே மூன்று முறை வளைந்து, மழைக்கு மழை கடைத்தெருவை மூழ்கடித்த ஆறு. வளைவுகளை வெட்டிக் கரைக்குக் கான்கிரீட் போட்டதும் கடைத்தெரு தப்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடி, ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த அவருடைய அக்கா வீட்டுக்குள் நுழைந்தது.

2

இந்த இடத்தில் பொறியாளரை அழவைத்திருந்தேன். அதைப் படித்துப் பார்த்த மனைவி பேனாவைப் பிடுங்கினாள்.

"நான் எப்ப அழுதேன்? நாலு நாள் அக்கா வீட்ல சேறு அள்ளினேன்."

"கதைல கொஞ்சம் கண்ணீர் வேணாமா?"

"அங்க ஏற்கெனவே இடுப்பளவு தண்ணி."

அக்கா திட்டவில்லை. "உன் கடைத்தெரு தப்பிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றியே வைத்திருக்கிறார்.*

(* ஒரு காலுக்கு நான்கு. போனபோது எண்ணினேன். என் மனைவிக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.)

3

போன வருடம் அலுவலகக் கூட்டத்தில் பொறியாளர் எழுந்தார். "நான் போட்ட வரைபடம் தப்பு. ஆத்துக்கு வளைவைத் திருப்பிக் கொடுக்கணும்."

"வெட்டினதும் நீங்க, ஒட்டறதும் நீங்களா?" என்று மேலதிகாரி சிரித்தார்.

"ஆமா சார். வெட்டினவளுக்குத்தான் தண்ணி எங்க போய் நிக்கும்னு தெரியும்."

கடைத்தெருவுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே இருந்த காலி நிலத்தில் கரையைத் தள்ளிவைத்து, ஆறு புரண்டு படுக்க இடம் விட்டார்கள்.

(நானும் இந்தக் கதையை முதலில் நேராகத்தான் வெட்டியிருந்தேன். இரண்டே பத்தி. அதில் அக்கா இல்லவே இல்லை.)

4

முடிவு ஒன்று: மழை வந்தது, வீடு நனையவில்லை, சுபம்.

முடிவு இரண்டு: மழை வந்தது, வீட்டுக்குள் (இதை எழுத மனம் வரவில்லை.)

நேற்று முழுக்க மழை. இப்போது காலை வெயில். புது வளைவில் தண்ணீர் பரந்து, நிதானமாகப் போவதைப் பார்த்துவிட்டு வந்த மனைவி குளியலறையில் பாடிக்கொண்டே சேற்றைக் கழுவுகிறாள். கேட்க எனக்கும் சந்தோஷமாக இருக்கிறது. மேசையில் அவள் கைபேசி அடிக்கிறது. அக்கா.

"எடுங்களேன், கை ஈரம்!"

பாட்டு நின்றுவிட்டது. என் கையில் பேனா இருக்கிறது. நீங்கள்தான் சும்மா இருக்கிறீர்கள். எடுங்கள். நலம் விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டிலைத் தரையில் இறக்கிவிட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.