நூற்றுப் பதினெட்டாவது ரூல்

பழைய ஃபயர்வாலை மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். அதற்குள் அதிலிருக்கும் முந்நூற்றுச் சொச்சம் ரூல்களில் எது புதுப்பெட்டிக்குப் போகும், எது குப்பைக்கு என்று நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ரூலும் ஒரு வரி: யார் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரலாம், யார் வரக்கூடாது. பக்கத்தில் ஒரு குறிப்பு. குறிப்பா அது! 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'தற்காலிகம்'. தற்காலிகமாம்! எழுதியவருக்குப் பேரனே பிறந்திருப்பான்.

அப்போதெல்லாம் இந்த அறையில் நாங்கள் இருவர்தான், நானும் அண்ணனும்; மேனேஜர் மேல்மாடியிலிருந்து எட்டிப்பார்க்கவே மாட்டார். கூடப்பிறந்தவர் இல்லை, வேலையில் இரண்டு வருடம் மூத்தவர். ஏசிக் குளிரில் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் ரூல் வரிசைக்காக அடித்துக்கொள்வோம். பெட்டி மேலிருந்து கீழாகத்தான் படிக்கும். 'யாரையும் விடாதே' என்பதை முதல் வரியில் போட்டால் போட்டவரும் வெளியேதான். ஒருமுறை நான் அப்படிப் போட்டுவிட்டு, பழியை அவர்மேல் தூக்கிப்போட்டுக் கத்தினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் சண்டைக்கோழி; கூப்பிடும்போதே இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். மற்றவர் காதுபட ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று!

அப்புறம் திடீரென்று அவர் வேலையை விட்டுவிட்டதாக மேனேஜர் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுவிட்டு அவர் வேலையையும் பார்க்க ஆபீசுக்கு ஓட வேண்டியதாயிற்று. அடுத்த வாரமே அம்மா போய்விட்டாள். அந்தக் கோபத்தில் ஒன்பது வருடம் நான் அவரோடு பேசவில்லை.

முடக்கிய ரூல்கள் சாதாரணமாகத் திரையில் வராது. இன்று எல்லாவற்றையும் காட்ட வைத்தேன். நூற்றுப் பதினெட்டாவது சாம்பல் நிறத்தில் வந்தது. வெளியிலிருந்து ஒரே ஒரு இணைய முகவரிக்கு அனுமதி. என் வீட்டு இணைப்பின் முகவரி. குறிப்பு: 'சண்டைக்கோழிக்கு. அம்மா தேறும்வரை.'

"மேனேஜர் சரின்னுட்டார், நீ வீட்லயே இரு" என்று அம்மா படுக்கையில் விழுந்தபோது சொன்னதும் அண்ணன்தான். ஆனால் குறிப்புக்குக் கீழே மேனேஜரின் வரி இருந்தது: 'நான் மறுத்தபின்னும் திறந்திருக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லை. வேலைநீக்கம்.'

போனை எடுத்தேன். அவருடைய எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

"நான்தாண்ணா."

"அடேயப்பா! இப்ப என்ன சண்டை?"

"ஏண்ணா என்கிட்ட சொல்லல?" அழுதேவிட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சொன்னா சும்மா இருந்திருப்பியா? நேரா மேனேஜர் ரூமுக்குப் போய் ஆடியிருப்ப. உன் வேலையும் போயிருக்கும்."

"நீங்க வேலைய விட்ட அந்த வாரம் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தீங்க. நான் உள்ள இருந்துக்கிட்டே கதவத் திறக்கல."

"தெரியும்மா. ஜன்னல்ல உன்னப் பார்த்தேன். உன்கிட்ட பேச வரல. அம்மாவ ஒரு தடவ பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அன்று அம்மா விழித்துத்தான் இருந்தாள். "வாசல்ல யாரும்மா?" என்று கேட்டாள். யாருமில்லை என்று சொன்னேன்.