எடுத்து வைத்த சைக்கிள்

துணிக்கடைக்காரர் சைக்கிள் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதன் உறையை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தேய்த்தார். காலமெல்லாம் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் வாங்கி விற்ற விரல்கள் அவை. எதைத் தொட்டாலும் முதலில் ஒரு குறை சொல்லாமல் அடங்காது. அவருடைய கடையில் ‘கறார் விலை’ என்று பெரிய பலகை ஒன்று தொங்கியது. அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து அவர் பேரம் பேசாத நாள் கிடையாது. அதனால் கடைத்தெருவே அவரைக் கறார் என்றுதான் கூப்பிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டபோது சரக்கு, அலமாரி, நாற்காலி எல்லாவற்றையும் கொடுத்தவர், பலகையை மட்டும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“என்னம்மா இது, கல்லு மாதிரி இருக்கு? இதுல உக்காந்து போனா ஊர் போய்ச் சேரும்போது நான்தான் இருப்பேன், என் பின்பக்கம் இருக்காது.”

சைக்கிள் கடைக்காரி சிரித்தாள். நாற்பது வயதுக்காரி, விரல் நகங்களில் கிரீஸ் கறுப்பு. “மெத்து மெத்துன்னு இருக்கறது கடை வாசல் வரைக்கும்தான் சுகம், ஐயா. நாள் முழுக்க மிதிச்சா அமுங்கிப் போயி தொடையைத் தேச்சிரும். கெட்டிதான் கடைசி வரைக்கும் தாங்கும்.”

கறாருக்கு அது சட்டென்று பிடிபட்டது. கடையில் தொட்டதும் வழுக்கும் துணி முதல் சலவையிலேயே பல்லிளிக்கும் என்பதைச் சொல்லாமல் விற்றவர்தானே. “அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார்.

இப்படியே ஒவ்வொன்றாக நடந்தது. மேட்டில் முழங்கால் முனகாமல் இருக்க முன்பக்கம் சின்னப் பல்சக்கரம் என்றாள். முதலில் மறுத்து, பிறகு ஒத்துக்கொண்டார். குனிந்தால் முதுகு பிடிக்கும், ஹேண்டில்பாரை உயர்த்திவிடலாம் என்றாள், ஒத்துக்கொண்டார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்றபோது மட்டும், தன் கழுத்து நன்றாகவே திரும்பும் என்று திரும்பிக் காட்டினார். கழுத்து திரும்பவில்லை, தோள், இடுப்பு, கால் என்று ஆளே திரும்பிவிட்டார். இரண்டு சைக்கிளுக்கும் கண்ணாடியையும் மணியையும் விலையில் சேர்க்காமல் வாங்கிக்கொண்டதில் அந்த அவமானம் ஒருவாறு சரிக்கட்டப்பட்டது.

ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை. கரும்பச்சை நிறத்தில், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை நேராக ஓடும் பார் வைத்த சைக்கிள் அவருக்கு. நடுவில் வளைந்து தாழ்ந்த நீல சைக்கிள் மனைவிக்கு.

“பார் இல்லாததுல நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன், ஐயா. பின்னாடி பை, படுக்கைன்னு கட்டினப்புறம் காலைத் தூக்கிப் போடறது கஷ்டம்.”

“அது லேடீஸ் சைக்கிள்மா.”

“இப்பல்லாம் யாரும் அப்படிச் சொல்றதில்லைங்க.”

“நான் சொல்றேனே.”

சொல்லிவிட்டுப் பச்சை சைக்கிளைத் தன் பக்கம் நன்றாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, காலை வீசி ஏறிக் காட்டினார். கால் சீட்டில் உரசியது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவர் மனைவி அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கியதும் அந்தப் பச்சை பாரின் மேல் உள்ளங்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவள். பேரம் பேசுவது அவர் வேலை. பேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது அவருக்கு ஏனோ எட்டவே இல்லை.

ஆற்றோரமாகவே போய், ஆறு கடலில் விழுகிற இடம் வரைக்கும் சைக்கிளில் போவது என்பது அவர்கள் கல்யாணமான புதிதில் போட்ட திட்டம். பிறகு கடை வந்தது, மகள் வந்தாள், கடை பெரிதானது. சுவரில் ஒட்டியிருந்த ஆற்றின் வரைபடம் மஞ்சளாகி மூலையில் சுருண்டுகொண்டது. இப்போது அதை மனைவி கீழே எடுத்து, மடிப்பை நீவி, மேஜையில் விரித்து வைத்திருந்தாள். பைகளில் சாமான் எடுத்து வைக்கும்போது அவளையும் அறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த காலத்தில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை.

மகள் மட்டும் போனில் ஒரே பிடியாக நின்றாள். “அப்பா, ஒரே ஒரு தடவை விழுந்தீங்கன்னு கேள்விப்பட்டாலும் சரி, நானே வந்து ரெண்டு சைக்கிளையும் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போயிருவேன். போன வருஷம் இடுப்புக்கு நான்தான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன்.”

“நான் ஏன்டி விழறேன்?” என்றார் கறார்.

மறுநாளே விழுந்தார்.

எல்லாப் பைகளையும் கட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். பின்னால் இரண்டு பக்கமும் பைகள். அவற்றின் மேல் குறுக்காகச் சுருட்டிய படுக்கையும் கூடாரமும். வெறும் சைக்கிளில் சீட்டை உரசிக்கொண்டு போன கால், இப்போது படுக்கைச் சுருட்டில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒற்றைக் காலில் இரண்டு முறை துள்ளினார். பிறகு சைக்கிளும் அவரும், பழகியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வதுபோல மெதுவாக, மரியாதையாக, செடிகளின் மேல் சாய்ந்தார்கள்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

“என்னங்க பண்றீங்க அங்க?”

“செயினைப் பாக்கறேன்.”

“படுத்துக்கிட்டா?”

“அடியிலேர்ந்து பாத்தாதான் தெரியும்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. அவர் சிறிது நேரம் அப்படியே படுத்திருந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருந்து அந்த முணுமுணுப்புப் பாட்டு மறுபடி தொடங்கியது. இந்தக் கால் சொல்பேச்சு கேட்காது. அது மகளுக்குத் தெரிந்தால் பயணம் போச்சு. பயணம் போனால் அந்தப் பாட்டும் போச்சு. ஆகவே வாயைத் திறக்கக்கூடாது, எதிலாவது ஏறி நின்று ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்று அங்கேயே, இலைகளுக்கு நடுவில், முடிவெடுத்தார்.

அடுத்த சில நாள் ஒத்திகை ஓட்டங்களில் ஊரிலிருக்கும் எல்லாப் படிக்கட்டுகளையும் அவர் மனப்பாடம் செய்துவிட்டார். வங்கி வாசலில் ஒரு படி. தபால் நிலையத்துக்கு எதிரே சிமெண்டு பெஞ்சு. பூங்கா ஓரம் உடைந்த மைல்கல். அதில் ஏதாவது ஒன்றின் மேல் நின்றால் கால் படுக்கைச் சுருட்டைத் தாண்டிவிடும். படி இல்லாத இடத்தில் இறங்க முடியாது, அவ்வளவுதான். ஒரு நாள் டீக்கடை சதுக்கத்தில் படியும் இல்லை, பெஞ்சும் இல்லை. மனைவி சைக்கிளை நிறுத்தி, அந்தத் தாழ்ந்த வளைவு வழியாகக் காலை எடுத்து, அலுங்காமல் இறங்கி, டீ வாங்கிக்கொண்டு மர நிழலில் நின்றாள். கறார் இறங்கவில்லை. சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவள் நீட்டிய கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கடை வாசலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எதிர்க்கடை சிநேகிதம், அதாவது பாதி சிநேகிதம், பாதி வேவு.

“யோவ் கறாரு, என்னய்யா செக்கு மாடு மாதிரி சுத்தறே? எண்ணெய் வருதா?”

“உடம்பைச் சூடு பண்றேன்யா.”

“அது வேகற அளவுக்கு ஆயிருச்சு, எறக்கி வையி!”

மனைவி டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்து தன் சைக்கிளில் உட்கார்ந்தாள். வீடு திரும்பினார்கள். அவர் வீட்டு வாசல் படியோரம் இறங்கியதையும், இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றதையும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் நீல சைக்கிள் மேல் ஒரு போர்வை வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், கடைசி மூலையில், சுவரைப் பார்த்தாற்போல் அதைச் சாத்தி வைத்திருந்தாள். முன்பக்கத்தை மறைத்துப் பழைய அட்டைப் பெட்டிகள் வேறு. அவர் வழக்கம்போல டயரில் காற்றை அமுக்கிப் பார்க்கப் போனபோது குரல் வந்தது.

“அதைத் தொடாதீங்க.”

“காத்துதான் பாக்கறேன்.”

“நான் பாத்துட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னாள்: “என் தங்கச்சி வந்து பாத்துட்டு உயிரை விடறா. குடு குடுங்கறா. அவ வீட்டுக்காரரும் கேட்டாரு.”

“உன் தங்கச்சி வீட்டுக்காரனா? அவனுக்கு எதுக்கு இது?”

“அதெல்லாம் நமக்கு எதுக்கு? நான் யாருக்கும் தர்றதா இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். அந்த சைக்கிளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் கறாருக்கு அன்றிலிருந்து அந்தப் போர்வை கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தத் தொடங்கியது. தங்கச்சி வீட்டுக்காரன் சாமர்த்தியசாலி; சும்மா ஒன்றைக் கேட்கமாட்டான். அதில் என்னவோ இருக்கிறது. வாங்கும்போது சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ? நல்ல சரக்கை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு நாம் வெறுங்கையோடு நிற்கிறோமோ? வியாபாரியின் வயிற்றில் இப்படி ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால் சாப்பாடு இறங்காது.

மனைவி சாமான் வாங்கக் கடைக்குப் போன ஒரு காலையில் அவர் கொட்டகைக்குள் நுழைந்தார். தன் வீட்டுக் கொட்டகைக்குள் தானே திருடன்போல் நுழைவது வேடிக்கையாகத்தான் இருந்தது. பெட்டிகளை நகர்த்தி, போர்வையின் ஒரு முனையைத் தூக்கினார். சீட்டை அழுத்தினார். கெட்டி. பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். இழுபறி இல்லை. டயர் தன்னுடையதைவிட ஒரு விரல் அகலம். பிறகு, சும்மா பார்க்கலாம் என்று, காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

கால் போய்விட்டது. எதிலும் உரசவில்லை, முட்டவில்லை. கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள் நுழைகிற மாதிரி போய்விட்டது. அவர் காலை எடுத்து, மறுபடி வைத்தார். மறுபடியும் போனது. பின்னால் தன் படுக்கைச் சுருட்டையும் பைகளையும் கட்டி மறுபடி வைத்துப் பார்த்தார். பின்னால் என்ன மலை இருந்தாலும் காலுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

அடுத்த நிமிடம் சந்தில் இருந்தார். ஓட்டினார், நிறுத்தினார், இறங்கினார், ஏறினார். தேவையே இல்லாமல் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் இறங்கி ஏறினார். ஒரு நாயைக் கண்டதும் இறங்கி அதற்கு வழிவிட்டார், நாய்க்கே ஆச்சரியம். மணியை அடித்தார். யாருமில்லாத சந்தில் இன்னொரு முறை அடித்தார். திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் மனைவி கடைப் பையோடு நின்றிருந்தாள்.

“டயர்ல காத்து...” என்று ஆரம்பித்தார்.

“போதுமா காத்து?”

இறங்கினார். அழகாக இறங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் ஒண்ணு நெனச்சேன். உனக்கு அந்தப் பச்சைதான் உயரத்துக்குச் சரியா இருக்கும். அதை நீ எடுத்துக்கிட்டு...”

“ஐயையோ, முடியாதுங்க.” அவள் முகத்தில் அவ்வளவு வருத்தம். “இது எடுத்து வெச்சது.”

கறார் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அந்த வருத்தம் அவருக்குத் தெரியும். அது அவருடைய வருத்தம். ‘ஐயையோ, முடியாதுங்க, இது இன்னொருத்தருக்கு எடுத்து வெச்சது’ என்று அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, பாதி மறைத்து, பாதி காட்டி, விற்காமல் கிடந்த விரிப்புகளையெல்லாம் அவர் விற்றது இந்த முகத்தோடுதான். வாங்க வந்தவர்கள் கெஞ்சி வாங்கிப் போவார்கள். கல்லாவில் உட்கார்ந்து இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் மெதுவாகக் கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தார். தன் ‘கறார் விலை’ பலகை, இந்தப் போர்வை இருந்த இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே அதை அவர் மாட்டவில்லை.

“செயின் பாத்த அன்னிக்கேவா தெரிஞ்சுது?” என்றார் கடைசியில்.

“கடையிலேயே. கால் சீட்டுல இடிச்சப்பவே.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொன்னா வாங்கியிருப்பீங்களா?”

அவருக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்க வந்தவனாகவே கேட்டார். “சரி. என்ன சொன்னா தருவே?”

“அடுப்பும் பாத்திரமும் உங்க பையில. எங்க நிக்கறது, எங்க தங்கறதுங்கறது நான் சொல்றதுதான். முன்னாடி நான்தான் போவேன்.”

“பாத்திரத்துல பாதி.”

அவள் பலகையைக் காட்டினாள்.

கிளம்பிய காலையில் வெயில் இன்னும் கூரைகளில்தான் இருந்தது. மகள் வந்திருந்தாள். அப்பா நீல சைக்கிளில் ஏறி, நிறுத்தி, இறங்கி, மறுபடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், எடுத்து வந்திருந்த பூட்டைப் பைக்குள் திரும்பப் போட்டாள். அம்மா பச்சை சைக்கிளைச் சாய்த்து, காலைப் பின்னால் வீசினாள். சுருட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அந்தக் கால் போயிற்று. அண்ணனின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டக் கற்றவளாம். இத்தனை வருடத்தில் கறார் அதைக் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நீல சைக்கிளைப் பார்த்தார். அதில் இருக்கிற ஆளைப் பார்த்தார். முகம் மலர வாயைத் திறந்தார்.

“கேக்காதய்யா” என்றார் கறார், வேகத்தைக் குறைக்காமல். “இது எடுத்து வெச்சது. தர மாட்டேன்.”

திறந்த வாய் அப்படியே நின்றது. முன்னால் மனைவி ஆற்றுப் பக்கம் திரும்பும் முனைக்குக் கையை நீட்டிவிட்டாள். அவளுடைய பாட்டு காற்றில் துண்டு துண்டாக வந்தது. பாத்திரங்கள் அவர் பையில் தாளம் போட்டன. திரும்புவதற்கு முன் கறார் சைக்கிள் கண்ணாடியில் பார்த்தார். அதற்குள் சின்னதாக, பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் வலது காலை மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.