ஆய்வு முடிவு: பசு, ஐந்து வயது

மீன் விற்பவர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். "என்னண்ணே, நல்ல மீனா?" என்று வாட்ச்மேன் விளையாட்டாகக் கேட்டாராம். "எங்க மாட்டோட தலை இருக்குங்க" என்று இவர் சொன்னதும் ஒதுங்கி நின்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். என் மேசைக்கு வந்த பிறகும் பெட்டியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கால்நடை மருத்துவர் படிவம் கொடுத்தனுப்பியிருந்தார். பசு, ஐந்து வயது. இரண்டு மாதத்துக்கு முன் தெருநாய் கடித்தது. மூன்று நாள் ஓயாத கத்தல், எச்சில் ஒழுகல், பின்னங்கால் தளர்ச்சி, சாவு.

"பருவத்துக்குத்தான் கத்துதுன்னு நினைச்சோம்மா. சினை ஊசி போடக்கூட ஓட்டிட்டுப் போனேன். அப்புறம் தண்ணி இறங்கல. தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு கையை விட்டுப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல."

வலது கையை நீட்டினார். விரல் முட்டிகளில் பல் உரசிய கீறல்கள். கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவவைத்து, முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். "தெரிஞ்சுட்டே போறேம்மா" என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டு வருஷமாக இதே வேலை. தலையைத் தலையாகப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஆனால் இதன் நெற்றியை யாரோ ஈரத்துணியால் துடைத்து அனுப்பியிருந்தார்கள். மூளையின் அடித்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் துணுக்கு எடுத்துக் கண்ணாடித் தகடுகளில் ஒற்றினேன். அசிட்டோனில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். அதன்பின் சாயம். கிருமி இருந்தால் சாயம் அதைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். இல்லையென்றால் கழுவும்போது போய்விடும்.

மதியம் இருட்டறையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கறுப்பு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் தடவை பார்த்ததும் "எவ்வளவு அழகா இருக்கு!" என்பார்கள். நானும் சொன்னவள்தான். மற்றத் தகடுகளையும் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை.

வெளியே போய்ச் சொன்னேன்.

"அடிச்சுட்டேம்மா," என்றார். "குடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்குதுன்னு ரெண்டு அடி வச்சேன். அதால முழுங்க முடியலன்னு தெரியாமப் போச்சே."

"யாருக்குண்ணே தெரியும்?" என்றேன். பிறகு, கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டேன். "அந்த நாய் வேற யாரையாவது கடிச்சுதா?"

"இல்லம்மா." கொஞ்சம் யோசித்தார். "மாட்டுக்கிட்டேயிருந்து நாயை விரட்டப் போனப்போ எங்க பாப்பாவுக்குக் கால்ல லேசா ஒரு கீறல். கடியெல்லாம் இல்ல. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. கழுவிட்டுக் கிளம்பிட்டா."

"ஊசி?"

இல்லையென்று தலையசைத்தார். பாப்பா அவருடைய ஒரே மகள். கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உடனே கூப்பிடுங்கள் என்றேன். "மாடு செத்தது அவளுக்குத் தெரியாதும்மா" என்று கிசுகிசுத்தபடி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா இந்நேரத்துல?"

"சும்மாதான்டா. நல்லா இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. ரெண்டு நாளா லேசா காய்ச்சல். அந்த நாய் கீறுச்சே, அந்த இடம் வேற குறுகுறுன்னு மரத்துப்போன மாதிரி இருக்கு. புதுச் செருப்பு சேரல போல. அதை விடு, செவலை எப்படி இருக்கா? சினை ஊசி போடணும்னியே, போட்டாச்சா?"

ஆறிப்போன காயம் இரண்டு மாதம் கழித்துக் குறுகுறுத்தால் அது எதன் தொடக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது தொடங்கிவிட்டால் எந்த ஊசியும் உதவாது. செருப்பாகவும் இருக்கலாம். செருப்பாகவே இருக்கட்டும்.

மகளின் குரலைக் கேட்டதும் காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது. "நல்லாத்தாம்மா இருக்கா," என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சிரித்தார். "ஊசி விஷயத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவா." போனை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

"ஹலோ, யாருங்க?" என்றாள் பாப்பா. அவளுக்குப் பின்னால் பெண்கள் எதற்கோ கொல்லென்று சிரித்தார்கள்.