கசப்பு உண்டு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து என் சட்டையைப் பிடிக்காதீர்கள். சொன்னது என் அக்கா. சொன்னது என்று எழுதுவதுகூடத் தப்பு, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நான்கு மணிக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் வந்தாள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். "டேய், ஒரு கதை இருக்கு. எழுதிக்கோ" என்றாள்.

இருபது வருஷமாக என் எழுத்தை "வெட்டி வேலை" என்று சொல்லி வந்தவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டைத் திறந்தேன்.

அக்கா கலால் துறையில் ஆய்வாளர். சாராயத் தொழிற்சாலைக்குள்ளேயே அவளுக்கு ஓர் அறை. வார்னிஷ், பாலிஷ் வேலைகளுக்குப் போகிற சாராயத்தை யாரும் குடிக்க முடியாதபடி கெடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கெடுக்கிறார்களா என்று கூடவே நின்று பார்ப்பது அவள் வேலை. நல்லதைக் கெடுப்பதற்கு அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. ஆபீஸ் கதை எப்போதாவதுதான் சொல்வாள். அதுவும் ஐந்தாறு வருஷம் ஊறப்போட்டு, சம்பந்தப்பட்டவர்கள் ஓய்வுபெற்ற பிறகு சொல்வாள்.

"இது யாரோட கதை?" என்று கேட்டேன்.

"எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தி."

முதல் தொடக்கம்: அந்தத் திரவத்துக்கு நிறமில்லை, மணமில்லை,

(அடித்துவிட்டேன். "மணம் இல்லாம எப்படிடா? ஸ்பிரிட் வாடை குப்புன்னு அடிக்கும்" என்கிறாள்.)

இரண்டாவது தொடக்கம்: ஊதாக் கைகளோடு ஒருத்தி மத்தியான வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. ஆனால் கை ஏன் ஊதா என்று சொல்லியாக வேண்டும்.

2

முறை இது. டிரம்மில் நல்ல எரிசாராயம் இருக்கும். முதலில் அதில் மெத்தனால் ஊற்றுவார்கள். அது விஷம். உள்ளே போனால் கண்ணைப் பறிக்கும், அளவு மிஞ்சினால் ஆளையே கொண்டுபோகும். ஆனால் அது நாக்குக்குத் தெரியாது. அதனால் அடுத்தது ஒரு பொட்டலம். அதில் கசப்புத் தூளும் ஊதாச் சாயமும் இருக்கும். ஒரு டிரம்முக்கு ஒரு பொட்டலம். முதலாவது கொல்வதற்கு, இரண்டாவது கொல்லும் என்று சொல்வதற்கு.

("கொல்றதுக்குன்னு எழுதாதே. 'குடிக்கத் தகாததாக்குதல்'னு எழுது. விதியில அப்படித்தான் இருக்கு.")

கடைசியில் பதிவேடு. பன்னிரண்டு கட்டங்கள். ஒன்பதாவது கட்டத்தில் "கசப்பு" என்று அச்சடித்திருக்கும். அதற்கு எதிரே ஆய்வாளர் தன் கைப்பட "உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் டிரம் கேட்டைத் தாண்டாது.

உண்டு என்றால் இருக்கிறது. உண்டு என்றால் தின்று, விழுங்கி. அரசாங்கம் அறியாமல் எழுதிய ஒற்றை வரிக் கவிதை! இதைப் பெருமையாக அக்காவிடம் சொன்னேன். வழக்கமாக என் கவிதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பவள் இப்போது சிரிக்கவில்லை. டீயை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

3

ஊதா லேசில் போகாது. கையுறை போட்டாலும் நகக்கண்ணில் ஏறி மூன்று நாள் உட்கார்ந்துகொள்ளும். சாயம் பட்ட கையோடு பேனா பிடித்தால் பதிவேடு முழுக்க ரேகை. ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன, பதிவேடா, ஹோலி விளையாடின துணியா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். முதலில் பதிவேட்டை எழுதிவிடுவது, பிறகு பொட்டலத்தைப் பிரிப்பது. எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும் பாருங்கள்.

அன்றைக்கு எட்டு டிரம்கள். கதையின் ஆய்வாளர் எட்டுக்கும் "உண்டு" எழுதி முடித்தாள். ஐந்தாவதில் மெத்தனால் ஊற்றி முடித்த நேரம், ஆய்வுக்கூடத்திலிருந்து போன். அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பொட்டலம் போடுகிற கலவைக்காரர் டிரம் பக்கத்தில் நின்று துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஊதாவாக இருந்தது. சரி, போட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

அவரும் இடையில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பதிவேட்டைப் பார்த்தார், "உண்டு." அவள் கையைப் பார்த்தார், ஊதா. சரி, மேடமே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்.

இரண்டு கையிலும் இருந்தது முந்தின டிரம்களின் ஊதா.

மூடியை இறுக்கி, அரக்கு வைத்து, முத்திரை குத்தினார்கள். விஷம் சேர்ந்துவிட்டது. எச்சரிக்கை சேரவில்லை. தண்ணீர் மாதிரித் தெளிவாக, அரசாங்க முத்திரையோடு அந்த டிரம் வண்டி ஏறிப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் இருப்புக் கணக்கு பார்த்தபோது ஒரு பொட்டலம் மிச்சம்.

4

இங்கே எனக்கு இந்த ஆய்வாளரைப் பிடிக்காமல் போகிறது. தப்பு செய்தது சரி, மனுஷர்கள்தானே. ஆனால் பொட்டலத்தைப் பார்த்த உடனே மேலதிகாரியின் அறைக்கு ஓடியிருக்க வேண்டாமா? வாசகர் கேட்பார். நான் கேட்டேன்.

"ஓடி? வேலை போகும். யாராவது குடிச்சிருந்தா ஜெயில். அவளுக்குப் பசங்க இருக்கு."

"யாரும் குடிக்கலன்னா?"

"அதான்டா. யாரும் குடிக்கலன்னா எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கணும்? டிரம் போன பட்டறைக்குப் போய், சோதனைக்கு வந்தேன்னு சொல்லி, பொட்டலத்தை டிரம்முக்குள்ள கொட்டிட்டு வந்துட்டா முடிஞ்சுது. ஈ காக்காய்க்குத் தெரியாது. அப்படித்தான் நெனைச்சா."

அக்கா இதைச் சொன்ன வேகத்தைப் பார்த்தால், அந்தப் பெண் அவளுக்கு நெருங்கிய சிநேகிதியாக இருக்க வேண்டும். பாத்திரத்தை இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசுகிற ஒருவர் பக்கத்தில் இருப்பது எழுத்தாளனுக்குப் பெரிய வசதி.

(அவள் கைப்பை மடியிலேயே இருக்கிறது. கீழே வை என்று இரண்டு முறை சொன்னேன். காதில் விழவில்லை.)

5

டிரம் போன இடம் ஒரு பாலிஷ் பட்டறை. மேசைகள் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. சுவரெல்லாம் அரக்கு வாடை. பாலிஷ்காரர் ஓடிவந்து நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"வாங்க மேடம்! இந்த வாட்டி சரக்கு அருமை. கையில கறையே இல்ல பாருங்க" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். வெள்ளையாக இருந்தன.

அவள் டிரம்முக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தாள். விதிப்படி நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகலாம். வேலைக்கு எடுத்ததைக் கழித்து, ஆவியானதைக் கழித்து, அதற்கும் மேல் ஒரு பாட்டில் அளவு குறைந்தது.

"வெயில் மேடம்" என்றார் பாலிஷ்காரர். "இந்த வெயிலுக்கு மனுஷனே ஆவியாயிடுவான்."

"தம்பி எங்கே? காணோமே."

அவருடைய தம்பியைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் தேய்த்த மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். "மேல படுத்திருக்கான். ராத்திரி எதையோ தின்னுட்டு காலையிலேருந்து ஒரே வாந்தி, தலைவலின்னு முனகறான். தூங்கினா சரியாயிடும்."

அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. படியேறினாள்.

மேலே தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. ஜன்னல் இரண்டும் திறந்து கிடந்தன. உச்சி வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. கண்ணாடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெயில் அடிக்கிறது, கண் இமைக்கவில்லை.

"யாரு?" என்றார். "லைட்டைப் போடுங்களேன். என்னவோ இன்னைக்கு விடியவே மாட்டேங்குது."

அவள் வாசலிலேயே நின்றாள். அவர் முகத்தை மெல்லத் திருப்பி, அவள் இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்தார். சுவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"செருப்புச் சத்தம் தெரியுது. சாராய ஆபீஸ் மேடம்தானே? இந்தத் தடவை கசக்கவே இல்லைங்க. நீங்க நல்லா இருக்கணும்."

6

அக்கா அங்கேயே நிறுத்திவிட்டாள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அப்புறம்?"

"நீ சொல்லு. கதைன்னா அவ என்ன பண்ணுவா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா என்னிடம் யோசனை கேட்கிறாள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. எழுந்து அறைக்குள் நடந்தேன்.

முதல் முடிவு. அவள் அந்த இடத்திலேயே கத்துகிறாள்: இவர் மெத்தனால் குடிச்சிருக்கார், வண்டியைக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்று தெரிந்தால் மருந்து உண்டு. தெரியாவிட்டால் சாதாரண வாந்தி என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே சொல்கிறாள், வேலையை இழக்கிறாள்.

"இது எடுபடாதுக்கா. ரொம்ப நல்லவளா ஆயிடறா. படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

"நம்ப மாட்டாங்களா?"

"சினிமாத்தனம்."

இரண்டாவது முடிவு. அவள் கீழே வந்து, மிச்சமுள்ள டிரம்மில் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்குகிறாள். அது ஊதாவாகிறது. அவள் கண்ணுக்கு அதன் பிறகு எல்லாமே ஊதாவாகத் தெரிகிறது. குடிக்கிற தண்ணீர், குழந்தைகளின் பால்,

(வேண்டாம். கனவு, மயக்கம் என்று போனால் பத்திரிகைக்காரர் போன வருஷம் மாதிரியே திருப்பி அனுப்பிவிடுவார்.)

அக்கா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள். "அவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று நடுவில் கேட்டாள். கதைக்கு அது முக்கியமில்லை என்றேன். ஐயோ, அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாவது முடிவு. எனக்கே சிலிர்த்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த வழியே படியிறங்குகிறாள். பாலிஷ்காரரிடம், "நல்லா தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். வேண்டப்பட்டவர் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, யாருக்கோ நடந்த மாதிரி எதையோ பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். மேலே அந்த ஆள் விடியலுக்காகக் காத்திருக்கிறார்.

"இதுதான்க்கா முடிவு. படிக்கிறவங்க ஆடிப்போயிடுவாங்க. ஒரு சின்ன சந்தேகம். எந்த மாசம்னு வச்சுக்கலாம்? வெயில்னு சொன்னியே."

அக்கா கைப்பையைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்து என் நோட்டின் மேல் வைத்தாள்.

"அதைத்தான்டா பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"எதை?"

"மூணாவதை."

"எப்போ?"

"மத்தியானம்."

"எந்த மத்தி

7

மேலே உள்ளதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. பாதியில் நின்ற வார்த்தையையும் முடித்து வைக்கவில்லை. பேனா கீழே விழுந்த இடம் அது.

சுவர்க் கடிகாரம் ஐந்து இருபது காட்டியது. அவள் அந்த அறை வாசலில் நின்றது பன்னிரண்டே முக்கால். அதிலிருந்து நான்கு மணிவரை அவள் தெருத்தெருவாக நடந்திருக்கிறாள். அந்த நேரம் அவளுடையது, அதற்கு அவள் பதில் சொல்லட்டும். நான்கிலிருந்து ஐந்து இருபதுவரை என்னுடையது. ஒரு மனுஷன் வெயிலில் உட்கார்ந்து விளக்கைப் போடச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் இரண்டு தொடக்கம் எழுதினேன், ஒரு சிலேடை கண்டுபிடித்தேன், மூன்று முடிவு சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அக்காவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்க வந்தது கதை இல்லை. "போய்ச் சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்க வந்திருக்கிறாள். கூடப் பிறந்தவன் சொல்லுவான் என்று நம்பி வந்திருக்கிறாள். நான் அவளுக்கு இலக்கியம் சொன்னேன்.

"முதல் முடிவை ஏன்டா நம்ப மாட்டாங்க?" என்று கேட்டாள்.

அவள் எழுந்துவிட்டாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே போனில் பேசத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"மெத்தனால். ஆமாங்க, மெத்தனால்தான், நல்லா எழுதிக்குங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, கையெழுத்துப் போட்டது நான்."

வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, கண்ணாடிக்கு என்ன ஆனது, என் அக்கா இப்போது எங்கே இருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். பிழைத்தார் என்றால் பெருமூச்சு விட்டுப் புரட்டிவிடுவீர்கள். இல்லை என்றால் அக்காவை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் புரட்டிவிடுவீர்கள்.

எனக்கு உங்களிடம் ஒன்று தெரிய வேண்டும். மூன்றாவது முடிவைப் படித்தபோது, அதுதான் நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கும் தோன்றியதா, இல்லையா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதியை நான் சொல்கிறேன்.